பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்?

(புதுச்சேரியில் பங்குத் தொண்டர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வாசலோரமாக நின்றுகொண்டிருக்கும் தம்பிகளே! உள்ளே நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வந்து உட்காருங்கள். இன்றைக்கு நான் பேசப்போவதே உட்காருவதைப் பற்றித்தான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'நம்பிக்கை, அன்பு, தொண்டு'. கத்தோலிக்க மேடையில் இந்தத் தலைப்பு கிடைத்தால் பேச்சாளருக்குக் கவலையே இல்லை. யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தால் போதும். உடுக்கத் துணியும் அன்றைக்குச் சோறும் இல்லாமல் வந்து நிற்கிறவரிடம் நல்ல வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்கிறார். செயல் இல்லாத நம்பிக்கை செத்த நம்பிக்கை என்கிறார். தவக்காலத்தில் எத்தனை மறையுரைகளில் இதைக் கேட்டிருப்பீர்கள்! கேட்டுவிட்டு எழுந்து போய் உண்டியலில் போட்டிருப்பீர்கள். நானும் போட்டிருக்கிறேன்.

ஆனால் அது அந்த அதிகாரத்தின் பின்பாதி. முன்பாதியை நாம் அவ்வளவாகத் திறப்பதில்லை. அங்கே யாக்கோபு ஒரு காட்சியைக் காட்டுகிறார். சபை கூடியிருக்கிறது. கையில் தங்க மோதிரம், பளபளவென்று உடுப்பு, அப்படி ஒருவர் உள்ளே வருகிறார். அவர் பின்னாலேயே அழுக்குத் துணியோடு ஓர் ஏழையும் வருகிறார். முன்னவருக்கு நல்ல இடம் காட்டப்படுகிறது. பின்னவரிடம், அங்கேயே நில் அல்லது என் காலடியில் உட்கார் என்று சொல்லப்படுகிறது. இதற்குத்தான் யாக்கோபு முதலில் கோபப்படுகிறார். அதாவது, யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பதில் தொடங்கி, அங்கிருந்து நடந்துதான் அவர் சோற்றுக்கும் துணிக்கும் வந்து சேருகிறார். இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். சோறு கொடுக்கத் தயார், துணி கொடுக்கத் தயார். இடம் கொடுப்பதை மட்டும் அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட்டோம்.

இது எங்கோ எருசலேம் விவகாரம் அல்ல, நம்ம ஊர் விவகாரம்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புதுச்சேரிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸ் காலத்து துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். வைணவ நாமக்காரர். ஊரில் நடந்த எதையும் விட்டுவைக்காமல் எழுதியவர். 1745ஆம் ஆண்டுக் குறிப்பில், வம்பு பேசுகிறவரின் சுவாரசியத்தோடு, இயேசு சபையாரின் சம்பா கோயிலில் நடந்த ஒரு சங்கதியை எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் மற்ற சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். ஒரு நாள் அந்த ஒடுக்கப்பட்ட மக்கள் பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, நடுவில் எதற்குச் சுவர் என்று கேட்டார்கள். அவர் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். இடித்தும் விட்டார்கள். பிறகு ஊரே இரண்டுபட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விஷயம் கவர்னர் வரைக்கும் போயிற்று.

இதில் நான் கவனிக்கச் சொல்வது சுவரை அல்ல, அதை இடிக்கச் சொன்ன குருவையும் அல்ல. போய்க் கேட்டவர்களைப் பாருங்கள். அவர்கள் கஞ்சி கேட்கவில்லை, துணி கேட்கவில்லை. அப்போது அவர்களுக்கு இரண்டும் தேவையாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் கேட்டது பக்கத்தில் உட்கார இடம். இந்த ஊர் திருச்சபை வரலாற்றில் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய விசுவாச அறிக்கை அதுதான். அதைப் பதிவு செய்தவர் ஓர் இந்து. நம்முடைய ஆட்கள் வேறு வேலையாக இருந்தார்கள் போலும்.

அதே வளாகத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் நடந்தது. மூன்றே ஆண்டு கழித்து, 1748இல், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, சம்பா கோயிலை ஒட்டி இருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதையும் பிள்ளை எழுதியிருக்கிறார், மன வேதனையோடு. பாதிரிமார்களுக்கு அதில் இருந்த பங்கையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். ஒரு சுவரை இடித்ததற்காகப் பெருமைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் அண்டை வீட்டாருக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும், நமக்குத்தான் மறதி.

1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதோடு அந்தப் பழைய சம்பா கோயிலும் போயிற்று. இன்று மிஷன் வீதியில் நாம் பார்க்கும் அமலோற்பவ அன்னை பேராலயம் 1791இல் கட்டி முடிந்தது. கட்டடம் புதிது. பழக்கம்? ஊரைப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளைக்காரர்களுக்குக் கப்புச்சின் சாமியார்களின் கோயில், மேற்கே தமிழர்களுக்கு இயேசு சபையாரின் கோயில் என்று ஊரே ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருந்தது. துய்மா வீதியில் இப்போது நிற்கிற கப்ஸ் கோயில் 1855இல் வந்தது. தமிழர்களுக்குள்ளே இருந்த பிரிவு எங்கும் போய்விடவில்லை. தெற்கே வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து நின்ற சுவர் 1910 வரைக்கும் இருந்தது. பிறகும் கல்லறைத் தோட்டத்தில், தேர் போகும் தெருவில், உபயக்காரர் பட்டியலில் என்று அந்தச் சுவர் வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. 2003இல் தமிழக ஆயர்கள் உரோமைக்குப் போனபோது, சாதிப் பாகுபாடு நற்செய்திப் பணிக்குத் தடை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலே அந்த ஆயர்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டி வந்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலினத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதை எதிர்த்து ஊர்வலம் போகிறோம். போக வேண்டியதுதான், முழு நியாயம். ஆனால் அந்த ஊர்வலம் திரும்பி வந்து சேர்வது எந்தத் தெருவுக்கு, எந்தெந்த வீட்டுக்கு என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

சரி, தொண்டுக்கு வருகிறேன்.

இந்த ஊர்த் திருச்சபை தொண்டில் குறை வைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. 1827இல் குளுனி சபைச் சகோதரிகள் பிரான்சிலிருந்து வந்தார்கள். பள்ளி, நோயாளிகள், ஆதரவற்றோர் என்று ஆரம்பித்தார்கள். ரொமெய்ன் ரோலன் வீதியில் அவர்களுடைய பூத்தையல் கூடத்தை இன்றும் பார்க்கலாம். பெரிய பழைய பிரெஞ்சு வீடு, உயரமான கூரை, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் பெண்கள் உட்கார்ந்து மேசைவிரிப்பிலும் கைக்குட்டையிலும் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வேலையில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. 1844இல் இங்கே ஆயர் பொனான் ஒரு மாமன்றம் கூட்டினார். பள்ளிகள் வேண்டும், உள்நாட்டுக் குருக்கள் வேண்டும் என்று அங்கே பேசப்பட்டது. பெத்தி செமினேர் பள்ளி அந்த ஆண்டுப் பிள்ளை. அதே ஆண்டு அக்டோபரில் லூயி சவினியன் துப்புயி என்ற பிரெஞ்சு குரு மரியாவின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்களே கன்னியராகி, தமிழ்ப் பெண் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதற்கான சபை. பெண் பிள்ளை படித்தால் குடும்பத்துக்கு ஆகாது, தேவதாசிகள்தான் படிப்பார்கள் என்று பேசிய காலம் அது. துப்புயி சும்மா இருந்தவர் அல்ல. மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தினார், முசே என்ற குருவோடு சேர்ந்து தமிழ் - பிரெஞ்சு அகராதி போட்டார். நமக்கு அகராதி முக்கியம். ஆனால் அந்த முதல் கன்னியர்கள் தெருவில் நடந்து போனபோது என்னென்ன பேச்சுக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால், அகராதி கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிகிறது.

இவ்வளவும் நடந்ததில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. சகோதரிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் இவ்வளவு நன்றாகச் செய்ததால் நாங்கள் சோம்பேறிகளாகிவிட்டோம். முதியவரா, இல்லத்துக்கு. பிள்ளையா, விடுதிக்கு. நோயாளியா, அம்மாமார் பார்த்துக்கொள்வார்கள். தொண்டை நாங்கள் மடத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, குத்தகைப் பணமாக மாதா மாதம் காணிக்கை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

துப்புயி இந்த ஊரில் கால் வைத்த அதே 1830களில், அவர் விட்டு வந்த நாட்டில், பாரிசில், ஒரு கல்லூரி மாணவனை இன்னொரு மாணவன் மடக்கினான். மடக்கப்பட்டவர் பெயர் பிரெடெரிக் ஒசானாம். கிறிஸ்தவம் ஐரோப்பாவுக்கு என்னவெல்லாம் செய்தது என்று வாதப் பட்டறையில் அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரணிக்காரன் கேட்டான்: முன்னே செய்ததெல்லாம் சரிதான், இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? காலரா வந்து பாரிசில் ஆயிரக்கணக்கானோர் செத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஒசானாமிடம் பதில் இல்லை. 1833 ஏப்ரலில், அவருக்கு இருபது வயது நிரம்பிய நாட்களில், ஏழு பேர் கூடினார்கள். ஒருவர் மட்டும் பெரியவர், மற்ற எல்லாரும் மாணவர்கள். என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. முஃப்தார் தெரு ஏழைகள் நடுவே வாழ்ந்துகொண்டிருந்த ரோசலி ரெந்து என்ற சகோதரியிடம் போனார்கள். அவர் தொண்டைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தவில்லை, என்னைப் போல. கையில் சில குடும்பங்களின் விலாசத்தைக் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

அதுதான் வின்சென்ட் தே பவுல் சபை. முப்பதே ஆண்டில், 1863இல், இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஒசானாம் பிற்பாடு சொர்பொன் பேராசிரியராகி நாற்பது வயதில் இறந்தார். 1997இல் அவரை அருளாளராக அறிவித்தார்கள். நம் பங்குகளில் இந்தச் சபையின் கூட்டம் எப்படி நடக்கும் என்று வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாது. பூசை முடிந்ததும் ஓர் அறை. ஜெபம், சென்ற கூட்டக் குறிப்பு, குடும்பங்களின் பட்டியல். இந்த அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, அந்தப் பையனுக்கு ஃபீஸ் கட்டவில்லை என்றால் பரீட்சைக்கு விடமாட்டார்கள். கடைசியில் ஒரு துணிப்பை கையிலிருந்து கைக்குப் போகும். மூடிய கையை உள்ளே விட்டு மூடிய கையாகவே எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா, எடுத்தாரா என்பதுகூடப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இரகசியச் சேகரிப்பு என்பார்கள். பிறந்தநாளுக்கு அரை வீதியை மறைத்து பிளெக்ஸ் வைக்கிற இந்த ஊரில், அந்தத் துணிப்பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குளுமை.

ஆனால் பிளெக்ஸ் உள்ளேயும் வந்துவிட்டது. கிறிஸ்துமசுக்குப் புடவை கொடுக்கிறோம். கொடுக்கிறவர் கேமராவைப் பார்க்கிறார், வாங்குகிறவர் தரையைப் பார்க்கிறார். பத்து நிமிஷத்தில் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். வாங்கினவரின் பேத்தி பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் பார்ப்பாள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தன் சொத்தையெல்லாம் வாரிக் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அது எப்படி முடியும், எல்லாவற்றையும் கொடுப்பவரிடம் அன்பு இல்லாமல் இருக்குமா என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். இந்தப் படங்களைப் பார்த்த பிறகு யோசிப்பதில்லை.

வின்சென்ட் சபையில் இன்னொரு வழக்கம் உண்டு. வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும். ஆண்டவர் சீடர்களை அனுப்பியதும் அப்படித்தான். ஒருமுறை வாணரப்பேட்டைப் பக்கம் அப்படிப் போன இரண்டு பேரோடு நானும் ஒட்டிக்கொண்டு போனேன். ஒருவர் ரிட்டையர்டு ஆசாமி, மற்றவர் கல்லூரிப் பையன். ஒற்றை அறை வீடு. தனியாக இருக்கிற ஒரு பாட்டி. மூலையில் மாதா படம், அதற்குக் கீழே மருந்து டப்பாக்கள். பையன் அரிசிப் பையை இறக்கி வைத்தான். பாட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாயை விரித்தார். "உக்காருங்க, காபி போடறேன்" என்றார். "வேணாம் பாட்டி, இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்றான் பையன். அவனுக்கு அவசரம். பாட்டிக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணமும்கூட. பெரியவர் குறுக்கே விழுந்தார். "போடும்மா, குடிக்கிறோம். சக்கரை மட்டும் கம்மியா." கால் மணி நேரம் ஆயிற்று. பாட்டி மகன் சண்டை, மருமகள் சண்டை, அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன சித்தப்பா, எல்லாம் சொன்னார். வெளியே வந்ததும் பெரியவர் பையனைப் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, அந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்காத, நீ அரிசி குடுத்து என்னா பிரயோசனம்?"

அந்தப் பாட்டி எந்தத் தெருக்காரர், இந்தப் பெரியவர் எந்தத் தெருக்காரர் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். பையனுக்கு மட்டும் அன்றைக்குப் புரியவில்லை. அது நல்லதா கெட்டதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

மரியாயின் சேனையில் இதைவிடக் கண்டிப்பான விதி. 1921இல் டப்ளினில் அதைத் தொடங்கிய பிராங்க் டஃப், அதற்கு முன் வின்சென்ட் சபையில் இருந்தவர்தான். அவர்களும் இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். ஆனால் பொருளுதவி எதுவும் கொடுக்கக் கூடாது. ஆரம்பத்தில் எனக்கு இது கஞ்சத்தனமாகப் பட்டது. பசித்த வீட்டுக்கு வெறுங்கையோடு போய் ஜெபமாலை சொல்வதா? கஷ்டம் இருந்தால் வேறு சபைக்குச் சொல்லி அனுப்பலாம், ஆனால் நீ கொடுக்காதே என்கிறது விதி. இப்போது அதில் ஒரு சூட்சுமம் தெரிகிறது. கையில் அரிசிப் பை இருந்தால் அதை வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம். வெறுங்கையோடு போனவருக்கு அந்த வசதி இல்லை. உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அவருக்குக் கொடுக்க இருப்பதே அதுதான். என்னைக் கேட்டால், நம் பங்கு இளைஞர்களை முதல் ஆறு மாதம் சேனையில் போட்டுவிட்டு அப்புறம் வின்சென்ட் சபைக்கு அனுப்பலாம். இரண்டு சபைக்காரர்களும் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும்.

பேரிடர் நாட்களிலும் இதையே பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26, சுனாமி. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமசுக்கு மறுநாள். 2011இல் தானே புயல். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை, தெருவில் படகு. ஒவ்வொரு தடவையும் முதல் இரண்டு நாள் சோற்றுப் பொட்டலத்துக்குப் பஞ்சமே இருப்பதில்லை. கோயிலிலிருந்தும் வரும், பள்ளிவாசலிலிருந்தும் வரும், ரசிகர் மன்றத்திலிருந்தும் வரும். நான்காம் நாள்தான் சிரமம். தண்ணீர் வடிந்துவிடும். வீடு முழுக்கச் சேறு. மெத்தையைத் தூக்கி வெளியே போட ஆள் வேண்டும், ரேஷன் கார்டு நனைந்துவிட்டது என்று அழுகிறவரை அலுவலகத்துக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும். அப்போது பொட்டலக்காரர்கள் இல்லை. அங்கே வந்து துடைப்பத்தைக் கையில் எடுக்கிறவர் எந்தச் சபை உறுப்பினர் என்று நான் கேட்பதில்லை. பல நேரம் அவர் நம் மதத்தவரே அல்ல.

இனி ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தெல்லாம் விடியுமுன் பஸ் ஏறி வருகிறார்கள். மருத்துவர்கள் நன்றாகவே பார்க்கிறார்கள். நோயாளியோடு துணைக்கு வந்தவர்களை யார் பார்ப்பது? எந்தக் கட்டடம், எந்த கவுன்டர், ரத்தம் கொடுக்க ஆள் எங்கே பிடிப்பது, ஆபரேஷன் கையெழுத்து என்றால் என்ன, எதுவும் தெரியாமல் ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிரியாணி வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சீட்டைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

பங்குத்தந்தையிடம் பேசிவிட்டேன், சரி என்றிருக்கிறார். வரும் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மறைக்கல்வி அறையில் பெயர் கொடுக்கலாம். வாரத்துக்கு ஒரு காலைப் பொழுது போதும். பேனர் கிடையாது, டி-ஷர்ட் கிடையாது, படம் எடுத்தால் மறுவாரம் பெயர் இருக்காது. இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். ஜோடியை நீங்களே சேர்த்துக்கொள்ள முடியாது, நாங்கள் போடுவோம். இருவரும் ஒரே தெருவிலிருந்து இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஏன் என்று யாராவது கேட்டால், ஜிப்மருக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போகும்போது பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவோம். திரும்பி வந்ததும் ஒருவர் வீட்டில் ஒருவர் காபி குடித்துவிட்டுப் போவது கட்டாயம். அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.